மெக்சிகோ பாஸ்போர்ட்டில் முதல் வெளிநாட்டுப் பயணம்: அமெரிக்காவா, கனடாவா, ஸ்பெயினா, ஜப்பானா?

என் மனைவியின் ஊர் மெக்சிகோவில் குவாதலஹாரா. அதனால் எனக்கு வாய்த்த சகலையும் அந்த ஊர்க்காரர். அவர் குடும்பம் முதல் முறையாக வெளிநாடு போகத் தீர்மானித்தது. அவர், கொழுந்தியாள், 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பையன்கள், அப்புறம் என் மாமியார். ஐந்து பாஸ்போர்ட், இரண்டு வார விடுமுறை. ஒருவரிடமும் அமெரிக்க விசா இல்லை. "நாலு நாடு யோசித்து வைத்திருக்கிறோம். எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், உங்களுக்குத்தான் விசாவில் அனுபவம் அதிகம்" என்றார். இந்தியப் பாஸ்போர்ட்டோடு 15 வருடம் அலைந்தவனுக்குக் கிடைத்த மரியாதை!

இதே கேள்வியை மெக்சிகோவில் இருக்கும் நம்மவர்கள் பலரும் கேட்கிறார்கள். சிலருக்கு மனைவியோ கணவரோ இந்த ஊர். சிலருக்குப் பிள்ளைகள் இங்கே பிறந்து இந்தப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறார்கள். ஆகவே சகலைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மெக்சிகோ பாஸ்போர்ட் மோசமானதல்ல. ஷெங்கன் நாடுகள் (ஒரே விசா விதியைப் பின்பற்றும் ஸ்பெயின், ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகள்), பிரிட்டன், ஜப்பான், தென்கொரியா, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா என்று நமக்கு விண்ணப்பப் படிவமும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்கும் பல இடங்களுக்கு இவர்கள் விசா இல்லாமலே போகலாம். சிக்கல் பக்கத்து வீட்டில்தான். வடக்கே இருக்கும் இரண்டு நாடுகளும் விசா கேட்கின்றன. இங்கே ஒருவர் இன்னொருவரிடம் "தியெனெஸ் வீசா?", அதாவது "விசா இருக்கிறதா?" என்று கேட்டால், எந்த நாட்டு விசா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. விசா என்றாலே அமெரிக்க விசாதான்.

எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களைப் பார்த்தேன். முதலாவது, மறுத்தால் திரும்பி வராத பணம் எவ்வளவு. இரண்டாவது, எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, "முடியாது" என்ற பதில் எங்கே வரும்: சொந்த ஊர் ஜன்னலிலா, பத்து மணி நேரம் பறந்து இறங்கிய பிறகா. நான்காவது, விமானம் எந்த வழியாகப் போகிறது. ஐந்தாவது, பயணம் முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது.

நான்காவதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. என் அலுவலகத் தோழி ஒருத்தி ஜெர்மனி போக டிக்கெட் எடுத்தாள். ஜெர்மனிக்கு விசா வேண்டாம், அது சரிதான். ஆனால் மலிவாகக் கிடைத்த அந்த டிக்கெட் டெக்ஸாஸில் விமானம் மாறிப் போவது. செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "விசா எங்கே?" என்றாளாம். "ஜெர்மனிக்கு எதற்கு விசா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அமெரிக்க விமான நிலையங்களில் குடிவரவைத் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறும் வசதி கிடையாது. இரண்டு மணி நேரம் காத்திருப்பதற்கும் நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு டிரான்சிட் விசாவோ சுற்றுலா விசாவோ வேண்டும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினாள். டிக்கெட் பணமும் போயிற்று.

எனவே மெக்சிகோக்காரர்களைப் பொறுத்தவரை, போகிற நாட்டுக்கு விசா வேண்டுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. போகிற வழியையும் பார்க்க வேண்டும்.

| | அமெரிக்கா | கனடா | ஸ்பெயின் (ஷெங்கன்) | ஜப்பான் |
|---|---|---|---|---|
| விசா | வேண்டும் | வேண்டும். அமெரிக்க விசா இருந்து விமானத்தில் போனால் இ.டி.ஏ. (இணையத்தில் எடுக்கும் முன் அனுமதி) போதும் | வேண்டாம், 180 நாளில் 90 நாள் | வேண்டாம் |
| கட்டணம் | ஆளுக்கு 185 டாலர். 15 வயதுக்குக் கீழ் 15 டாலரில் எல்லை கடக்கும் அட்டை | 100 கனடிய டாலர் + கைரேகை 85 | இப்போதைக்கு இல்லை | இல்லை |
| நேர்காணல் | உண்டு | பொதுவாக இல்லை | இல்லை | இல்லை |
| மறுப்பு எங்கே | தூதரக ஜன்னலில் | கணினி வழியாக, வீட்டிலேயே | இறங்கும் விமான நிலையத்தில் | இறங்கும் விமான நிலையத்தில் |
| வழியில் பொறி | இல்லை | அமெரிக்கா வழியாகப் போனால் | அமெரிக்கா, கனடா வழியாகப் போனால் | அமெரிக்கா, கனடா வழியாகப் போனால் |
| பிறகு மிஞ்சுவது | 10 வருட விசா | அதிகபட்சம் பாஸ்போர்ட் காலாவதி வரை செல்லக்கூடிய விசா | நினைவுகள் | நினைவுகள் |

அமெரிக்கா

பணத்தில் தொடங்குவோம். பி1/பி2 எனப்படும் சுற்றுலா விசாவுக்கு ஆளுக்கு 185 டாலர். மெக்சிகோக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 15 டாலரில் எல்லை கடக்கும் அட்டை எடுக்கலாம்; பெற்றோரில் ஒருவரிடம் அந்த அட்டை இருக்க வேண்டும், அல்லது அவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆக சகலை குடும்பத்துக்குப் பெரியவர்கள் மூவருக்கு 555, பையன்களுக்கு 30, மொத்தம் 585 டாலர். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. பிள்ளைகளின் அட்டையில் ஒரு கொக்கி இருக்கிறது: 15ஆம் பிறந்தநாள் வந்ததும் அது செத்துவிடும். 9 வயதுப் பையனுக்கு ஆறு வருடம் கிடைக்கிறது, லாபம். 12 வயதுப் பையனுக்கு மூன்றே வருடம். முழுக் கட்டணம் கட்டி அவனுக்குப் பத்து வருட விசா எடுப்பதா என்று யோசிக்க வேண்டும்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம் ஒன்று சுற்றுலா விசாக்களின் மேல் 250 டாலர் கூடுதல் கட்டணத்துக்கு வழி செய்திருக்கிறது. பணம் கட்டும் அன்று அது அமலில் இருக்கிறதா என்று தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்தது காத்திருப்பு. இங்கே அப்பாயின்ட்மென்டுக்கு ஸ்பானிய மொழியில் 'சீத்தா' என்று பெயர். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது; இவர்களும் சீதையைத் தேடித்தான் அலைகிறார்கள். டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, பணம் கட்டி, ஒரு நாள் கைரேகை மையத்துக்கும் இன்னொரு நாள் தூதரகத்துக்கும் போக வேண்டும். மெக்சிகோ சிட்டி தூதரகத்தைத் தவிர, குவாதலஹாரா, மொன்டெர்ரேய், திஹுவானா, எர்மோசியோ, மெரிதா என்று பல ஊர்களில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் காத்திருப்பு பல மாதங்கள் வித்தியாசப்படும். அதனால் தேதி சீக்கிரம் கிடைக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போய் இரண்டு இரவு தங்கி வருபவர்கள் ஏராளம். அந்த பஸ் செலவையும் ஹோட்டல் செலவையும் விசாக் கணக்கில்தான் எழுத வேண்டும். முன்பெல்லாம் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நேர்காணல் இல்லாமல் முடிந்துவிடும். 2025 செப்டம்பரிலிருந்து அவர்களும் பொதுவாக வந்தாக வேண்டும்.

நேர்காணல் என்னவோ மூன்று நிமிடம்தான். கொழுந்தியாள் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம், பள்ளிக்கூடக் கடிதம், கார் ஆவணம் என்று அடுக்கித் தயாராக வைத்திருக்கிறாள். போய் வந்தவர்கள் பலரும் சொல்வது, அதிகாரி கோப்பைத் திறக்கவே சொல்லவில்லை என்பதுதான். என்ன வேலை, எத்தனை வருடமாக, அங்கே யார் இருக்கிறார்கள்: இந்த மூன்று கேள்வியில் முடிவாகிவிடும். மறுப்பு வந்தால் 214(பி) என்ற பிரிவைக் காட்டும் ஒரு தாள் கையில் கிடைக்கும். திரும்பி வந்துவிடுவீர்கள் என்று நீங்கள் நிரூபிக்கவில்லை என்பது அதன் பொருள். மேல்முறையீடு கிடையாது. மறுபடி முயல வேண்டுமானால் மறுபடி 185.

இத்தனையும் தாண்டிக் கிடைத்துவிட்டால் அது வேறு கதை. விசா பத்து வருடம் ஓடும். பாஸ்போர்ட் காலாவதியானாலும் விசா சாகாது; பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். கனடாவுக்கு விமானத்தில் போனால் 7 கனடிய டாலர் இ.டி.ஏ. போதும். ஐரோப்பாவுக்கோ ஆசியாவுக்கோ அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட்டுகளும் திறந்துவிடும். குவாதலஹாராக்காரர்களுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு: உள்நாட்டு விமானத்தில் திஹுவானா போய், 2015 கடைசியில் திறந்த சி.பி.எக்ஸ். பாலத்தின் வழியே விமான நிலையத்திலிருந்து சான் டியேகோவுக்கு நடந்தே போய்விடலாம். பாலத்துக்குத் தனி டிக்கெட் உண்டு. அதைச் சேர்த்தாலும் சர்வதேச விமானக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

கனடா

பக்கத்து வீட்டுக் கதவுதான், ஆனால் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. 2009 ஜூலையில் மெக்சிகோக்காரர்களுக்கு விசா விதித்தார்கள். 2016 டிசம்பரில் எடுத்தார்கள். 2024 பிப்ரவரி 29 இரவு 11.30க்கு மறுபடி விதித்தார்கள். 2023இல் கனடாவில் பதிவான அகதிக் கோரிக்கைகளில் 17 சதவீதம் மெக்சிகோக்காரர்களுடையவை என்பதும், அவற்றில் சுமார் 60 சதவீதம் நிராகரிக்கப்பட்டன, கைவிடப்பட்டன அல்லது திரும்பப் பெறப்பட்டன என்பதும் கனடா சொன்ன காரணம். அன்று இரவு, வேலை அல்லது படிப்பு அனுமதி வைத்திருந்தவர்களுடையதைத் தவிர மற்ற எல்லா இ.டி.ஏ.க்களும் ரத்தாயின. வான்கூவருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சகலைக்கு அமெரிக்க விசா இல்லை, பழைய கனடா விசாவும் இல்லை. அதனால் முழு விசாதான். ஐந்து பேருக்கு 500 கனடிய டாலர். 14 வயதுக்குக் கீழ் கைரேகை தேவையில்லை என்பதால் பெரியவர்கள் மூவருக்கு மட்டும் 255. மொத்தம் 755. நேர்காணல் பதற்றம் இல்லை என்பது உண்மையான சௌகரியம். ஆனால் அமெரிக்காவுக்குக் கேட்கும் அதே காகிதங்களைத்தான் இங்கேயும் மேலேற்ற வேண்டும். அந்த அமெரிக்க விசா இருந்தால் இந்த விண்ணப்பமே தேவைப்படாது. இரண்டு நாட்டையும் என்றாவது பார்க்கும் எண்ணம் இருப்பவர் கனடா விசாவை முதலில் எடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

அப்படியானால் யாருக்குக் கனடா? டொராண்டோவிலோ மொன்ட்ரியாலிலோ அக்கா, தம்பி என்று சொந்தம் இருந்து, பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு. அமெரிக்க நேர்காணலில் ஒருமுறை மறுப்பு வாங்கி, மறுபடி அந்த ஜன்னல் முன் நிற்க மனம் வராதவர்களும் முயலலாம். ஆனால் அந்த மறுப்பைக் கனடா படிவத்தில் மறைக்கக் கூடாது. வேறு நாட்டில் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி அதில் இருக்கிறது. பொய் சொல்லி மாட்டினால் ஐந்து வருடத் தடை.

ஸ்பெயின்

விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை. மொழியும் அதே மொழி. மாமியாருக்கு இதுதான் ஆசை. துணைக்கு யாரும் இல்லாமல் கடைக்குப் போய்ப் பேரம் பேசலாம் அல்லவா? மெக்சிகோ சிட்டியிலிருந்து மாட்ரிடுக்கு ஏரோமெக்சிகோ, இபேரியா இரண்டும் நேராகப் பறக்கின்றன. அமெரிக்க மண்ணைத் தொடவே வேண்டாம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன் என்று வேறு நேரடி வழிகளும் உண்டு.

ஆனால் விசா இல்லை என்பதைக் கேள்வியே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மாட்ரிட் விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கையில் பணம் மூன்றையும் காட்ட வேண்டும். பணத்துக்குக் கணக்கு உண்டு: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஸ்பெயினின் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு. 2025இல் அந்த ஊதியம் 1,184 யூரோ, ஆக நாளொன்றுக்கு 118.40 யூரோ. 14 நாளுக்கு ஒருவருக்கு 1,657.60, ஐந்து பேருக்கு 8,288 யூரோ. எல்லாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் காட்டுவதற்கு கார்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் இருக்கட்டும்.

இதைவிட மோசமான பொறி, "ஹோட்டல் எதற்கு, நண்பர் வீட்டில் தங்கிக்கொள்கிறோம்" என்பது. நண்பர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் ஸ்பெயின் போலீஸ் வழங்கும் அழைப்புக் கடிதத்தைக் கேட்கலாம். அதை அங்கே இருப்பவர் போலீஸ் நிலையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், வாட்ஸாப்பில் எழுதி அனுப்பும் கடிதம் செல்லாது. சந்தேகம் வந்தால் தனி அறைக்கு அனுப்பிவிடுவார்கள். மெக்சிகோக்காரர்கள் இதை 'குவார்தீத்தோ' என்பார்கள், சின்ன அறை என்று பொருள். அங்கேயிருந்து திரும்பும் விமானத்தில் ஏற்றப்பட்டால் ஊரில் ஜன்னல் முன் கேட்ட மறுப்பு எவ்வளவோ தேவலை என்று தோன்றிவிடும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் புகைப்படமும் கைரேகையும் எடுக்கும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை. 90 நாள் கணக்கை இனி இயந்திரமே வைத்துக்கொள்ளும். அடுத்து எத்தியாஸ் என்ற முன் அனுமதி, 20 யூரோ. 2026 கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். லண்டனையும் சேர்த்துப் பார்ப்பதானால் பிரிட்டனின் இ.டி.ஏ. தனி; 2025 ஏப்ரலில் அது 16 பவுண்டாக ஏறியது.

ஜப்பான்

பையன்களின் ஓட்டு இதற்குத்தான். விசா வேண்டாம். 90 நாளுக்கு மேல் இருக்க நினைத்தால் உள்ளே போய் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஜப்பான் இந்தச் சலுகையைக் கொடுப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளுக்குத்தான். மெக்சிகோ சிட்டியிலிருந்து டோக்கியோ நரிட்டாவுக்கு ஏ.என்.ஏ., ஏரோமெக்சிகோ இரண்டும் போகின்றன.

காகிதத்தைப் பொறுத்தவரை நான்கில் இதுதான் சுலபம். பிரச்சினை டிக்கெட் விலை. லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகவோ வான்கூவர் வழியாகவோ போனால் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்த இரண்டு கதவும் இவர்களுக்கு மூடியிருக்கின்றன. வான்கூவரில் விமானம் மாறுவதற்கும் கனடா அனுமதி வேண்டும். அதனால் இரண்டே நிறுவனங்கள் கேட்கும் விலையைத்தான் கொடுத்தாக வேண்டும். அமெரிக்க விசா இல்லாததற்கான அபராதம் இங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் வசூலாகிறது. ஐந்து டிக்கெட் என்றால் அந்த வித்தியாசமே 585 டாலரைத் தாண்டிவிடலாம். இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்தால் நான் ஜப்பானுக்கே ஓட்டுப் போட்டிருப்பேன்.

இன்னொரு வழி: தெற்கே

சகலை பட்டியலில் இது இல்லை, நான்தான் சேர்த்தேன். கையிருப்பு குறைவு, பத்து நாள் போதும் என்றால் கொலம்பியா. விசா இல்லை, செக்-மிக் என்ற இலவச இணையப் பதிவு மட்டும் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். பனாமா வழியாகப் போனாலும் தொல்லை இல்லை. பெருவும் உண்டு. 2024 ஏப்ரலில் மெக்சிகோ பெருக்காரர்களுக்கு விசா விதித்தபோது, பதிலுக்கு நாங்களும் விதிப்போம் என்று பெரு சொன்னது; சுற்றுலாத் தொழில் பாதிக்கும் என்று பிறகு பின்வாங்கிவிட்டது. மாச்சு பிச்சு பிழைத்தது.

எந்த நாடானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மெக்சிகோ சிட்டிக்கு இரண்டு விமான நிலையங்கள். பழைய பெனித்தோ ஹுவாரெஸ் ஒன்று, 2022 மார்ச்சில் திறந்த ஃபெலிப்பே ஆஞ்ஹெலஸ் இன்னொன்று. குவாதலஹாராவிலிருந்து மலிவு டிக்கெட்டில் புதியதில் இறங்கி, மாட்ரிட் விமானம் பழையதிலிருந்து என்றால் நகரத்தின் நெரிசலுக்குள் புகுந்து 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து யாரும் டிக்கெட் போடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பத்து வருடப் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டார்கள். எப்போது எடுத்தோம் என்றே மறந்திருப்போம், தேதியைப் பாருங்கள். ஷெங்கனுக்கு, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அப்புறம், பெற்றோர் இருவரும் இல்லாமல் பாட்டியோடு மட்டும் பேரன்கள் நாட்டைவிட்டுப் போவதானால் குடிவரவுத் துறையின் சாம் என்ற, சிறார் வெளியேறும் அனுமதிப் படிவமோ நோட்டரி அனுமதியோ வேண்டும். பெற்றோரில் ஒருவர் கூட இருந்தால் தேவையில்லை. சகலைக்கு வேலை காரணமாக நான்கு நாள் தாமதமாகக் கிளம்பும் யோசனை இருந்தது. கொழுந்தியாள் கூடப் போவதால் சரி.

நான் சொன்னது

இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னேன். பயணம் ஸ்பெயினுக்கு, நேரடி விமானத்தில், ஹோட்டல் முன்பதிவோடு. அதே வாரத்தில் அமெரிக்க விசாவுக்கும் பணம் கட்டித் தேதி எடுத்துவிட வேண்டும். சீத்தா ஒரு வருடம் கழித்து வந்தாலும் நஷ்டம் இல்லை, இந்த விடுமுறை அதற்காகக் காத்திருக்கவில்லை. நேர்காணலில் உட்காரும்போது ஐரோப்பா போய்த் திரும்பிய முத்திரையோ பதிவோ இருப்பதும் கெடுதல் இல்லை. ஜப்பானை விசா வந்த பிறகு பார்க்கலாம், அப்போது டிக்கெட் எடுக்கப் பத்து வழி இருக்கும்.

இப்போதே வடக்கே போய் யாரையாவது பார்த்தாக வேண்டும் என்றால் இந்தத் திட்டம் உதவாது. அவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம் போதும் என்பவருக்கு அமெரிக்க விசாவே வேண்டாம், அந்த 585 டாலரை மாட்ரிடில் சாப்பிட்டுத் தீர்க்கலாம்.

மாட்ரிட் டிக்கெட் எடுத்தாயிற்று. தூதரகத் தேதி எர்மோசியோவில் கிடைத்திருக்கிறது, அடுத்த பள்ளி விடுமுறையில். பெரிய பையனுக்கு 15 டாலர் கட்டுவதா 185 கட்டுவதா என்பதில் மட்டும் சகலைக்கும் கொழுந்தியாளுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.